பாய்லருக்குப் பின்னால் நிற்பவரின் மூச்சு: நீலகிரியின் டீக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீக்கடை, பேக்கரி, உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி போகும் சாலையோரத்தில் 38 ஆண்டுகள் டீக்கடை நடத்திய ஒருவரின் மகள் நான். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை நெஞ்சு நோய் வார்டுகளில் கழித்துவிட்டு, இப்போது ஓய்வில் இருக்கிறேன். பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுப்பது நியாயமா, அது உழைப்பவனின் ஒரே ஆறுதலைப் பறிப்பதாகாதா, சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அது ஒத்துவருமா என்ற பேச்சு நம் மலையில் ஓய்ந்தபாடில்லை. பேசுகிறவர்கள் எல்லாரும் புகைப்பவரைப் பற்றியே பேசுகிறார்கள். கடைக்குள் விடியற்காலை முதல் இரவு வரை நின்றுகொண்டிருக்கும் டீ மாஸ்டரைப் பற்றியும், கிளாஸ் கழுவுகிறவரைப் பற்றியும், கல்லாவில் இருக்கும் உங்களைப் பற்றியும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இம்மடலை மாவட்ட ஆட்சியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஆணை பிறப்பிப்பது அவருடைய கையில் இருக்கிறது என்றாலும், கடைக்குள் இருக்கும் காற்று உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் அப்பா ஒரு நாளும் பீடியை வாயில் வைத்தவரல்லர். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மழை சாய்வாக அடிக்கும்போது கடையின் பலகைக் கதவுகளைச் சாத்தி, வாசலில் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுவிடுவார். எட்டுப் பேர் உட்காரக்கூடிய அந்த அறைக்குள் பதினைந்து பேர் ஒண்டியிருப்பார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை ஏற்றிவிட்டு வந்தவர்கள் என்று எல்லாருமே தெரிந்த முகங்கள். கம்பத்தில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று எந்நேரமும் முனை கனன்றபடி தொங்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும் ஊரில் அது ஒரு வசதி. ஒருவர் பீடி முடியும்போது அடுத்தவர் பற்றவைப்பார். பாய்லருக்குப் பின்னால் அப்பா நின்றிருப்பது வாசலில் இருந்து பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியபோது அவருக்கு இளைப்பு தொடங்கியது; கடையிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். 1996-இல், 61 வயதில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இறந்தார். அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, 'எத்தனை வருடமாகப் பீடி குடிக்கிறார்?' என்பது. அம்மா அழுதுகொண்டே இல்லை, இல்லை என்று சொன்னதை அந்த மருத்துவர் நம்பவில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் காலத்து பாய்லர் விறகால் எரிந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. விறகுப் புகையும் நுரையீரலை இதே போல் கெடுக்கும். அப்பாவின் நோயில் விறகுக்கு எவ்வளவு பங்கு, மற்றவர்களின் பீடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நானும் அப்படிச் சொல்லத் துணியவில்லை. ஆனால் விறகுக்கு மாற்றாக எரிவாயு அடுப்பு வந்து, உங்களில் பலரும் அதற்கு மாறிவிட்டீர்கள். இன்னொரு புகை அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.

தடை இனிமேல் வரப்போகிற ஒன்று என்று நினைத்துப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். அது வந்து நெடுங்காலமாகிவிட்டது. கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையில் பொது இடத்தில் புகைபிடிப்பதைப் பொதுத் தொல்லை என்று கொண்டு தடுத்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பேருந்து, ரயில் போன்ற இடங்களில் நாடு முழுவதும் தடை விதித்தது. 2003-இல் நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் உணவகங்களையும், காப்பிக் கடைகளையும், ஆட்கள் வேலை செய்யும் இடங்களையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தன. குறைந்தது முப்பது பேர் உட்காரக்கூடிய உணவகமோ, குறைந்தது முப்பது அறைகளுள்ள விடுதியோ புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். அதுவும் நான்கு பக்கமும் கூரை வரை சுவர் எழுப்பி, தானாக மூடிக்கொள்ளும் கதவு வைத்து, உள்ளிருக்கும் காற்று நேராக வெளியே போகும்படி அமைத்தால்தான். நம் மலையில் உள்ள டீக்கடைகளில் பெரும்பாலானவை முப்பது பேர் உட்காரும் கடைகள் அல்ல. ஆகவே அவற்றுக்கு அந்தச் சலுகையே கிடையாது. வாசலில் 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை வைக்க வேண்டும், சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்ற எதையும் கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்பவையெல்லாம் அந்த விதியில் உள்ளவைதாம். கம்பத்தில் தொங்கும் கயிறும் அதில் அடங்கும். இதற்குப் பொறுப்பாளர் என்று சட்டம் கைகாட்டுவது கடையின் உரிமையாளரை, அதாவது உங்களை.

சட்டம் திறந்தவெளியை விட்டுவைத்திருக்கிறதே, அங்கே புகைத்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். சமவெளியில் அது பொருந்தக்கூடிய ஏற்பாடு. மதுரையிலோ ஈரோட்டிலோ டீக்கடை என்பது பாதி தெருவில் இருக்கிறது; காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நம் ஊரில் தென்மேற்குப் பருவமழைக்கும், ஐப்பசி மழைக்கும், மார்கழி, தை மாதங்களின் உறைபனிக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான் வாழ்க்கை. ஆண்டில் பாதிக்கு மேல் நம்முடைய பொது இடங்கள் எல்லாம் மூடிய அறைகளே. சமவெளியை மனத்தில் வைத்துப் பேசப்படும் விவாதத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதால்தான் இங்கே நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொன்றும் மலைக்கே உரியது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் இருப்பவருக்குக் கிடைப்பதில் சுமார் முக்கால் பங்கு. பிறந்து வளர்ந்தவர்களின் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. இளைப்பு உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், இதய நோயாளிகளுக்கும் அந்தக் குறைந்த கால் பங்கு ஒரு சுமை. புகையிலைப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளக்கூடியது. ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. புகைப்பவர் உள்ளே இழுப்பது மட்டுமன்று, இரண்டு இழுப்புகளுக்கு நடுவே விரலிடுக்கில் எரிந்துகொண்டிருக்கும் பீடியின் முனையிலிருந்து வருவதும் சேர்ந்துதான் அந்த அறையை நிரப்புகிறது. வார்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த எத்தனையோ பேரின் விரல் நுனியில் கருவியை மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்த்திருக்கிறேன். 88, 86 என்று அது இறங்கும்போது அவர்கள் கண்ணில் தெரியும் பயத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

'குளிருக்கு ஒரு பீடி' என்ற சொல்லையும் நாம் பரம்பரையாகக் கேட்டு வருகிறோம். உண்மையில் நிகோடின் தோலுக்கு அடியில் உள்ள சிறு ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, கை முன்பைவிடக் குளிர்ந்துபோகிறது. பற்றவைத்த நெருப்பின் சூடும், பழக்கம் தணிந்ததால் வரும் இதமும் அந்தக் குளிர்ச்சியை உணரவிடுவதில்லை. உறைபனிக் காலையில் மரத்துப்போன விரல்களோடு வருகிறவருக்கு உண்மையாகவே சூடு தருவது உங்கள் கையில் இருக்கும் கண்ணாடி கிளாஸ்தான்.

2016-17-இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட வயது வந்தோருக்கான புகையிலைக் கணக்கெடுப்பில் இரண்டு எண்கள் என்னை மிகவும் பாதித்தன. புகைபிடிப்பவர்கள் நூற்றுக்கு 10.7 பேர். மூடிய இடங்களில் வேலை செய்கிறவர்களில், வேலையிடத்தில் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறவர்கள் நூற்றுக்கு 30.2 பேர். தனிமனித உரிமை என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. தன் உடலை என்ன செய்வது என்பது ஒருவருடைய முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசிக்கிறவர்கள் அப்படி எந்த முடிவையும் எடுத்தவர்கள் அல்லர். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் எழுந்து வெளியே போகலாம். டீ மாஸ்டர் போனால் அன்றைய கூலி போய்விடும்.

வியாபாரம் குறையுமே என்பது உங்களுடைய உண்மையான கவலை என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் அம்மா ஒருமுறை 'அந்தக் கயிற்றை எடுத்துவிடுங்கள்' என்று சொன்னபோது, 'எடுத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவான்' என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவர் சொன்னது சரிதான். ஒரு கடை மட்டும் மாறினால் இழப்பு அந்த ஒரு கடைக்குத்தான். ஒரு கடைவீதி முழுவதும் ஒரே நாளில் மாறினால் எதிர்க்கடை என்று ஒன்று இருக்காது. அயர்லாந்து நம்மைப் போலவே மழையும் குளிரும் உள்ள நாடு. மதுக்கடையில் கூடிப் புகைத்துக்கொண்டு பேசுவது அங்கே ஊர் வழக்கமாகவே இருந்தது. 2004 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஒரே நாளில் மூடிய பணியிடங்களிலும் மதுக்கடைகளிலும் புகைபிடிப்பதை நிறுத்தினார்கள். புகைக்காத மதுக்கடைப் பணியாளர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, நிகோடினின் எச்சமான கோட்டினின் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 2006-இல் இதே தடை வந்த பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற திடீர் இதயக் கோளாறுகளுக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டிலேயே சுற்றுலாவால் பிழைக்கும் மலையூரான சிம்லா 2010-இல் தன்னைப் புகையில்லா நகரமாக அறிவித்துக்கொண்டது. சிம்லாவுக்குப் போகிறவர்கள் அதன் பிறகு போகாமல் இருந்துவிடவில்லை.

வியாபாரக் கணக்கில் நீங்கள் சேர்க்காத ஒரு கூட்டம் இருக்கிறது. மாலை நான்கரை மணிக்குத் தேயிலைக் கொளுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பேருந்துக்காக வரும் பெண்களைப் பாருங்கள். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, கால்கள் மண்ணும் மழைத் தண்ணீருமாக, உங்கள் கடையின் தகரத் தாழ்வாரத்துக்கு அடியில் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தாலும் வருவதில்லை. கல்லூரி விட்டு வரும் பெண் பிள்ளைகளும் அப்படியே. யாராவது ஒருத்தி வாசலில் இருந்து கையை நீட்டி ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் வாங்கி, வெளியிலேயே நின்று பகிர்ந்துகொள்வார்கள். பெண்கள் டீக்கடைக்குள் வராதது நம் ஊர்ப் பண்பாடு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நானும் அப்பாவின் கடைக்குள் போகாமல் பின்வாசல் வழியாகவே சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வந்தவள்தான், அதற்கு ஒரே காரணம் அந்தப் புகை. உள்ளே காற்று சுத்தமாக இருந்தால் அந்தப் பெண்கள் உட்காருவார்கள். உட்காருகிறவர்கள் இரண்டாவது டீயும் கேட்பார்கள்.

புகைப்பவரை அவமானப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வார்டில் படுத்திருந்த பீடிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் பதினான்கு, பதினைந்து வயதிலேயே வேலைக்கு வந்து, அங்கேயே பழகியவர்கள். விட வேண்டும் என்று பலமுறை முயன்றவர்கள். 200 ரூபாய் அபராதம் ஒரு சுற்றுலாப் பயணிக்கு ஒரு தட்டுப் பிரியாணியின் விலை. தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலியில் கணிசமான பங்கு. அபராதத்தை மட்டும் நம்பி இறங்கினால் அது எப்போதும் எளியவர் தலையில்தான் விழும். விற்பனையையே அடியோடு தடுத்துவிடலாம் என்ற யோசனையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மலைநாடான பூட்டான் 2004-இல் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. எல்லை தாண்டி கள்ளத்தனமாக வருவது நிற்கவில்லை, பிறகு அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

நான் கேட்பது மிகவும் சிறியது. கடைக்குள் வேண்டாம். கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, புகை உள்ளே திரும்பாத பக்கத்தில், நான்கு கம்பமும் ஒரு தகரக் கூரையும் போட்டு, சுவர் இல்லாத ஒரு மழை ஒதுங்கும் இடம் இருந்தால் போதும். இடமில்லாத கடைவீதிகளில் நாலைந்து கடைகளுக்குப் பொதுவாக ஒன்று அமைக்கலாம். பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடை அதற்கு ஆகாது. பேருந்து நிலையங்களையும் நிறுத்தங்களையும் 2008-ஆம் ஆண்டு விதிகளே தடைக்குள் சேர்த்திருக்கின்றன. அந்தக் கூரைக்கு அடியில் மணல் நிரப்பிய ஒரு தகர டின் கட்டாயம் இருக்க வேண்டும். தை மாதத்துப் பனியில் கருகிய புல் மாசி, பங்குனியில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் நாள்கணக்கில் எரிந்த தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. அது புகைபிடித்தவரால் பற்றிய தீ என்று நான் சொல்லவில்லை. சாலையோரச் சரிவில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்காகவே அதை நினைவுபடுத்துகிறேன். சிகரெட்டின் அடித்துண்டு பஞ்சு போலத் தெரிந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒரு வகை பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பையோடு வருகிறவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்துகிற ஊரில், அந்தத் துண்டுகள் மட்டும் மழைநீரோடு ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கடையில் பீடி, சிகரெட் விற்கிறவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளின் மேல் எச்சரிக்கைப் படத்தோடு, விட விரும்புகிறவர்கள் கட்டணமின்றி அழைக்கக்கூடிய 1800-11-2356 என்ற எண்ணும் அச்சிடப்பட்டு வருகிறது. சிகரெட்டை ஒற்றையாக எடுத்துக் கொடுக்கும்போது வாங்குகிறவர் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. படமும் எண்ணும் உங்கள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பள்ளி, கல்லூரிகளிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்பவை நீங்கள் அறிந்தவையே. அப்பாவுக்கு வாங்கிவரச் சொன்னார்கள் என்று சிறுவன் வந்து நின்றாலும் கொடுக்காதீர்கள்.

மாவட்ட நிர்வாகத்தாரும் இம்மடலைப் படிக்க நேர்ந்தால், அவர்களுக்கும் ஒரு சொல். உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31, நம் ஊரில் சீசன் நெரிசல் நேரத்தில் வருகிறது. அன்று ஒரு பேரணியும் சில அபராதச் சீட்டுகளும் போட்டுவிட்டு, கதவுகள் சாத்திக் கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் பயனில்லை. சோதனைக்கு வர வேண்டிய காலம் மழைக்காலம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பலகைகள் தமிழோடு மலையாளத்திலும் இருக்கட்டும். கூரை போடுவதற்கு நகராட்சி, பேரூராட்சி இடங்களில் அனுமதி கேட்டு வரும் கடைக்காரர்களை அலைய வைக்காதீர்கள்.

நம்மால் இது முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: மாநிலம் முழுவதும் 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை செய்யப்படுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக் பைகளை நிறுத்தத் தொடங்கிய மாவட்டம் இது. காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியதும் இங்கேதான். யானையின் காலில் கண்ணாடி குத்துகிறது என்று சொன்னபோது நாம் புரிந்துகொண்டோம். அந்த ஏற்பாடுகளில் கடைக்காரர்களாகிய உங்களுக்குத்தான் சிரமம் அதிகம் இருந்தது. முணுமுணுத்தீர்கள், ஆனாலும் செய்தீர்கள். கடைக்குள் நிற்கும் மனிதருக்காகவும் அதே சிரமத்தை ஒருமுறை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்குவதற்கு முன், வைகாசிக்குள், கடைவீதி முழுவதும் சேர்ந்து ஒரு தேதியைக் குறித்துவிட்டால் போதும். கூட்டத்துக்கு வரச் சொன்னால் வருகிறேன். இளைப்பு இருக்கும் பணியாளர்களை உட்காரவைத்து ஊதும் கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைக் குறித்துத் தரவும், யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லவும் என்னால் முடியும். அப்பாவின் கடை இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. சென்ற வாரம் அங்கே டீ குடிக்கப் போனேன். பாய்லருக்குப் பின்னால் இருக்கும் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, கிளாஸை நீட்டுவதற்கு முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை இருமினார். முதல் பலகையை நானே எழுதி, அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டபெட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்